ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு போல்ட்

ஜீப்பு இழுக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் இந்தக் கதையை உறவுக்காரர்களிடம் சொல்லும்போது கடைசி வரை மறைத்து வைத்திருந்து, பிறகு என்னைக் கைகாட்டுகிறார். அந்தச் சந்தோஷம் அவருக்கு இங்கேயும் கிடைக்க வேண்டாம்.

எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டமும் எட்டுத் தறியும் இருக்கின்றன. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய கையோடு, ஐம்பத்து நான்கு வயதில், என் கணவருக்கு ஜீப்பு ஆசை வந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஓடிய பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தார். முன்பு வைத்திருந்தவர் அதில் எதையும் அதன் போக்கில் விட்டுவைக்கவில்லை. வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி உடம்பை உயர்த்தியிருந்தார். டயர்கள் டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி இருந்தன. கூரைமேல் வரிசையாக ஆறு விளக்குகள். எங்கள் ஊரில் இதற்குத் தகுந்த மேடு பள்ளம் என்று பார்த்தால் வாய்க்கால் வரப்புதான். அதை எங்கள் எருமையே தினமும் ஏறி இறங்குகிறது. சேலையோடு நான் அந்த வண்டியில் ஏற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்பட்டது. அந்த ஸ்டூலைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டுதான் எங்கும் போனோம்.

அதெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வேகம்தான் வருத்தம். எண்பதைத் தொட்டால் ஸ்டியரிங் உதறும். அது உதறுவது அவருக்கு உற்சாகம். மெதுவாகப் போகச் சொன்னால், சத்தம்தான் பெரிது, வேகம் ஒன்றுமில்லை என்பார். ஒருநாள் சங்ககிரி சாலையில் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றினார். வண்டி பறந்தது, நானும் பறந்தேன். கூரைக் கம்பியில் தலை இடித்துப் புடைத்துவிட்டது. மடியில் வைத்திருந்த தூக்குப்போசியிலிருந்து தயிர் முழுக்க என் மேல் கொட்டியது. அவர் திரும்பிப் பார்த்து, “நல்ல சஸ்பென்சன், இல்லயா அம்மிணி?” என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தும் அவர் யோசிக்காத ஒன்று உண்டு. என் பிறந்த வீடு நாமக்கல். அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் சுவர்கூடக் கிடையாது. டிரைவர்களின் வேகத்துக்குப் பயந்த லாரி முதலாளிகள் சிலர், ஆக்சிலேட்டர் மிதிக்கு அடியில் இருக்கும் போல்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்வார்கள். மிதி பாதியில் போல்டில் முட்டி நின்றுவிடும். டிரைவர் எவ்வளவு அழுத்தினாலும் டீசல் அந்த அளவுக்குத்தான் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வேடிக்கை பார்த்த வேலைகளில் அதுவும் ஒன்று.

தயிர் கொட்டிய மறுநாள் காலையில் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனார். நான் டூல்ஸ் பெட்டியிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். ஜீப்பிலும் அந்த போல்ட் இருந்தது. ஆறு சுற்று ஏற்றினேன். போல்ட் நகராதபடி பூட்டு நட்டையும் இறுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து இட்லிக்கு அரைத்தேன்.

அன்று மாலையே அவர் முகம் மாறிவிட்டது. வண்டி இழுக்கவில்லை, பிக்கப் செத்துப்போய்விட்டது என்றார். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஐம்பதுக்கு மேல் வண்டி போகவில்லை. பங்க் மாற்றி டீசல் அடித்துப் பார்த்தார். டயர்களில் காற்றைக் கூட்டினார், பிறகு குறைத்தார். இரண்டு நாள் செல்போனில் வீடியோவாகப் பார்த்துவிட்டு, எனக்குப் பாடம் எடுத்தார். எஞ்சினும் மனுசன் மாதிரிதான், மூக்கடைத்தால் ஓட முடியாது, ஆகவே ஏர் ஃபில்டர்தான் கோளாறு. நான் கன்னத்தில் கைவைத்துக் கேட்டேன். எடப்பாடி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு வந்தார். இப்போது பரவாயில்லை, வித்தியாசம் தெரிகிறது என்று சத்தியம் செய்தார். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வித்தியாசம் இரண்டு நாள் இருந்தது. பிறகு டீசல் ஃபில்டரை மாற்றினார்கள், டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள். பெரிய டயர் போட்டால் இப்படித்தான் இழுவை குறையும் என்றார் எடப்பாடி மெக்கானிக். என் கணவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இதே டயரில்தானே போன மாதம் பறந்தது என்று கேட்டார். கேள்வி சரியானது. அவர் அவ்வளவு சரியாக யோசித்தது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அந்த வாரம் மாட்டுத்தீவனக் கட்டோடு போன ஒரு மொபெட் எங்களை முந்தியது. ஓட்டிய அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அந்தப் பக்கத்து மரவள்ளிக் காட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே விட்டிருந்தால் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டேன். வாழப்பாடியில் என் சித்தப்பா மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். மத்தியானம் விருந்து முடிந்து திரும்பும்போது, சாலை இருவழியாகச் சுருங்கும் இடத்தில், முன்னால் கிழங்கு லோடு லாரி ஒன்று நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். நிறைய இடம் இருந்தது. அவர் வலப்பக்கம் ஏறி மிதித்தார். ஜீப்பு லாரியின் பாதி நீளம் வரை போய், அங்கேயே லாரியோடு சேர்ந்து நடந்தது. பஸ் விளக்கை அடித்துக்கொண்டே வந்தது. அவர் கால் முழுதாக அழுந்தியிருந்ததைப் பார்த்தேன். அந்தக் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவர் பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கவும் பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. போல்டை இறக்கிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அவர் டீ வாங்கப் போனதும் நான் சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பட்டுச்சேலையோடு டிரைவர் பக்கம் தரையில் தலையை விட்டேன். பூட்டு நட்டை நான் இறுக்கியிருந்த இறுக்கு எனக்கே எமனாக வந்தது. நகரவில்லை. பின்னால் இரண்டு டம்ளர்களோடு அவர் நின்றார். ஸ்பேனரைத் தரையில் விரித்திருந்த ரப்பர் மிதியடிக்குக் கீழே தள்ளிவிட்டு, தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டது என்றேன். பாவம், டீயை பானெட்டில் வைத்துவிட்டு அவரும் மண்டியிட்டார். செல்போன் வெளிச்சத்தில் தரையெல்லாம் துழாவினார். அவர் மூக்குக்கும் அந்த போல்டுக்கும் நாலு விரற்கடைதான். திருகாணி கிடைக்கவில்லை, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றினார். டீ ஆறிப்போயிருந்தது.

ஊட்டுக்குப் போகலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். இந்த வண்டியை இனி ஒரு நாள் இப்படி ஓட்ட மாட்டேன் என்று சொல்லி நேராகக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு விட்டார். ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்தில், மலை ஏறும் வண்டிகளையே பார்க்கும் ஒரு மெக்கானிக் இருந்தார். நாற்பது வயதிருக்கும். எதையும் கழற்றவில்லை, கேள்வியாகக் கேட்டார். மிதித்தால் கரும்புகை வருகிறதா என்றார். இல்லை. அப்படியென்றால் காற்றில் குறையில்லை, டீசல்தான் போதவில்லை என்றார். வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார். லேசாக உருண்டது, பிரேக் எங்கும் உரசிப் பிடிக்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கிளட்சும் வழுக்கவில்லை என்றார். பிறகு பானெட்டைத் திறந்து, என் கணவரை உள்ளே உட்கார்ந்து முழுக்க மிதிக்கச் சொன்னார். எஞ்சின் முனகியது. மிதியை விடச் சொல்லிவிட்டு, டீசல் பம்பின் லீவரைத் தன் விரலால் இழுத்தார். எஞ்சின் அலறியது.

“கையால இழுத்தா கத்துது, காலால மிதிச்சா கத்தல. கோளாறு எஞ்சின்ல இல்லீங்கண்ணா” என்றார்.

டார்ச்சோடு டிரைவர் பக்கம் குனிந்தார். முதலில் மிதியடிக்குக் கீழேயிருந்து ஸ்பேனரை எடுத்து வெளியே வைத்தார். அப்புறம் போல்டைத் தொட்டுப் பார்த்தார். யாரோ இதை ஏற்றி வைத்திருக்கிறார்கள், தடம் புதிதாக இருக்கிறது என்றார். அவர் பார்வை ஒரு நொடி என் முந்தானையில் இருந்த கிரீஸ் கறையில் நின்றது.

என் கணவருக்குச் சந்தேகமே இல்லை. எடப்பாடிக்காரன் வேலைதான், திரும்பத் திரும்ப வரவைக்கப் பண்ணியிருக்கிறான் என்று செல்போனை எடுத்தார். அந்த மனுசன் வெயிலில் டேங்கைக் கழுவியதை நான் பார்த்திருக்கிறேன். மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

“அவரத் திட்டாதீங்க. நாந்தானுங்க பண்ணுனேன்” என்றேன்.

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“எத்தனாம் நம்பர் ஸ்பேனரு?”

“பன்னெண்டுங்க.”

“பூட்டு நட்டு?”

“அதையும் இறுக்கிட்டேனுங்க.”

மெக்கானிக் எதையோ தேடுகிறவர் போல ஷெட்டுக்குள் போய்விட்டார். என் கணவர் ஸ்டூலை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த பஸ்ஸைப் பற்றி மெல்லக் கேட்டார். அப்போதும் போல்ட் விஷயம் எனக்குத் தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். அதனால்தான் டீக்கடையில் கழற்றப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

“அப்ப அந்தத் திருகாணி?”

“காதுலயேதான் இருக்குதுங்க.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. தலையில் இன்னும் இருந்த புடைப்பைத் தொட்டுக் காட்டினேன். மூன்று வாரமாகியும் அவர் அதைக் கேட்டதே இல்லை. இப்போது எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டவர் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

மெக்கானிக் போல்டைப் பழைய இடத்துக்கு இறக்கினார். வேலை ஐந்து நிமிடம்தான். வரும் வழியில் என் கணவர்தான் ஓட்டினார். தாரமங்கலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். என்னைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகப்போகிறாரோ என்று நினைத்தேன். சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார். “நீயே ஓட்டு. நீ எதைப் புடிச்சு வெச்சிருந்தேன்னு உனக்கே தெரியட்டும்” என்றார்.

எனக்கு லைசன்ஸ் உண்டு. சந்தைக்குச் சின்னக் கார் ஓட்டுவேன். இந்தப் பூதத்தின் ஸ்டியரிங் கிணற்று உருளை மாதிரி கனத்தது. எஞ்சின் இரண்டு முறை அணைந்துபோனது. மூன்றாவது கியரில் கொஞ்சம் தைரியமாக மிதித்தேன். முதுகை யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போலிருந்தது. நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் தென்னை. முள் ஐம்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டியது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. கால் கேட்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். அவர் ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்திருந்தார். பிரேக்கே இல்லாத இடத்தில் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

ஊர் வரும்வரை நான்தான் ஓட்டினேன். மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய், எடப்பாடி மெக்கானிக்கைப் பார்த்து நானே நடந்ததைச் சொன்னேன். மூன்று வாரமாக அந்த ஜீப்பு தன் கனவில் வந்ததாகவும், இனி வராது என்றும் சொல்லி அவர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.