பொக்லைன்காரர் திருத்திய குத்து

இன்று கம்பைநல்லூர் பேருந்தில் செல்போனில் கொலை செய்துகொண்டே போனேன்.

விளையாட்டில் நான் ஓர் இரும்பு ரோபோ. ஒரு சுற்றுக்கு ஐந்தே நொடி. வருகிறவன் மண்டையை உடைப்பதுதான் என் வேலை. ஆனால் பெரிய குத்து விட்டபோதெல்லாம், அந்த வேகத்தில் நானே பின்னால் போய்ப் பள்ளத்தில் விழுந்து நொறுங்கினேன். பதினோரு முறை!

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் பொக்லைன் ஓட்டறனுங்க. வண்டியோட இரும்புக் காலைத் தரையில ஊணாம மண் அள்ளற கையைத் தூக்குனா வண்டியே கவுந்துருமுங்க. இதுக்குக் கால் ஊணற பட்டன் இல்லீங்களா?"

இருந்தது. நேரம் வீண் என்று நான் தொடாத பட்டன்.

அழுத்தினேன். ரோபோவின் கால்கள் தரையில் இறங்கின. ஒரே குத்தில் மூன்று தலைகள் பறந்தன.

"அப்படித்தானுங்க! உடாதீங்க, இடுப்புல போடுங்க!"

"சாவுடா!" என்று நானும் கத்திவிட்டேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. கடைசி எதிரி துண்டு துண்டாகச் சிதறினான்.

நான் இறங்கும்போது அவர் சிரித்தபடி மரியாதையாகக் கேட்டார்: "என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"எல்.கே.ஜி. டீச்சருங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நம்ம பாப்பாவும் எல்.கே.ஜி.தானுங்க. நீங்க எந்த ஸ்கூலுங்க?"

காதில் விழாத மாதிரி நடந்துவிட்டேன். தெரிந்தவர்கள் கமெண்டில் பள்ளிப் பெயரைப் போட்டுவிடாதீர்கள். போட்டால், காலை ஊன்றிக்கொண்டுதான் குத்துவேன்.