ஆபீசர் நாற்காலியில் காதர் பாய்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேன்மொழிதான் போன் செய்தாள். "அக்கா, நம்ம காதர் பாய் பூட்டாருக்கா. மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தவரு, தொழுவ எழுப்புனா எழுந்துக்கலயாம்."

அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தால், அதற்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவரும் நானும் தெருவுக்குப் பின்னால் போய், உடைந்த மதில் சந்தில் நின்று, அங்கே ரயில் பாதைக்காக மண் பரிசோதிக்கிற எந்திரம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நல்ல சாவு, படுக்கையில் கிடக்காத சாவு. இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரோடு பழகியவர்களுக்கு இந்த நிம்மதி புரியும். பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவின் மேற்கு வரிசையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை அவருடையது. எண்ணூருக்கும் மணலிக்கும் சரக்கு ஏற்றிப் போகிற டிரைவர்களுக்கு அவர் கொடுக்கிற கயிறு மேல் அவ்வளவு நம்பிக்கை. கடையில் இருக்கிற கயிற்றையே, "இது வாணாம் நைனா, பாதி வழில உன்னைக் கைவுட்டுடும்" என்று சொல்லி உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார். நான் எதிரே கிழக்கு வரிசைக்காரி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தெருச் சங்கத்தின் செயலாளர். "உனக்கு சட்டுனு கோவம் வருது விஜயாம்மா, அதான் உன்னப் புடிச்சுப் போட்டாங்க" என்பார்.

மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மணலி வழியாகச் சடையங்குப்பம் பக்கம் ஒரு லைட் ரயில் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். வரைபடத்தை ஒட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிவப்புக் கோடு எங்கள் தெருவுக்குள் வந்தது. தெரு அகலம் போதாது, கிழக்கு வரிசை முழுவதும் போகும் என்றார்கள். என் வீடு, என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கட்டியது. என் கல்யாணப் பந்தியும் அம்மாவைக் கிடத்தியதும் அதே கூடத்தில்தான். வேறு எங்கேயாவது நிலம் தருவார்களாம். அந்தக் கூடத்தை யார் தருவார்கள்?

முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாய் கிழியக் கத்தினோம். ரயில்வே தரப்பு அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு, "சரி, நீங்களே சொல்லுங்கள். வேறு எந்தப் பக்கம் கொண்டுபோகலாம்?" என்று கேட்டார். ஒருவர் கடற்கரைப் பக்கம் என்றார், ஒருவர் பாலம் கட்டி அதன் மேலே என்றார், இன்னொருவர் மைக்கைப் பிடுங்கினார். எங்களுக்குள்ளேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது பாய்தான் ஒரு யோசனை சொன்னார். வாலிபத்தில் அவர் ராயபுரத்தில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனவர். போஸ்டரில் அவர் பேர் வந்ததே கிடையாது. சண்டைக்குப் போகிறவனுக்கு எதிரே நின்று, எதிராளி எப்படிக் குத்துவானோ அப்படிக் குத்திப் பழக்குகிற ஆள் அவர். "நாம கோதாவுக்கு நேராப் பூட்டோம் விஜயாம்மா. எதிர நின்னு குத்த ஒரு ஆள் வோணும். நான் ஆபீசரா குந்திக்கறேன். நீங்க எனக்கு பதில் சொல்லுங்க."

அப்படித்தான் எங்கள் தெரு கேரம் கிளப்பில் ஒத்திகை ஆரம்பித்தது. போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பிடி உடைந்த ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டோம். அதில் உட்கார்ந்துவிட்டால் அவர் பாய் இல்லை, சார். எழுந்தால் மறுபடியும் பாய். உட்கார்ந்த உடனே அவர் பேச்சே மாறிவிடும். கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் துடைப்பார், அந்த அதிகாரியே வந்து உட்கார்ந்த மாதிரி, "தெருவுக்குப் பின்னால் இருக்கிற பழைய கூட்ஸ் தண்டவாளம் வழியாகப் போகலாம் என்கிறீர்கள். அங்கே இருட்டில் பெண்கள் நடந்து வருவார்களா? மழைக்குத் தண்ணீர் நிற்காதா? யோசித்தீர்களா?" என்பார். நாங்கள் திருதிருவென்று விழிப்போம். பாயம்மா என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார். "வூட்லயும் ஆபீசராத்தான் கீறாரும்மா. ரேஷனுக்குப் போய்ட்டு வாங்கன்னா, 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது'ன்றாரு."

சிரிப்பெல்லாம் ஒரு நாள் நின்றது. அன்றைக்குப் பாய் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ஒரே ஒரு கேள்வி. ரயில் உங்கள் தெருவில் வேண்டாமா, அல்லது ரயிலே வேண்டாமா?" என்றார். அப்போது தேன்மொழி எழுந்தாள். எம்.கே.பி. நகரிலிருந்து எங்கள் வரிசைக்கு மருமகளாக வந்தவள், மணலியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. "எனக்கு ரயில் வோணும் சார். வூடு போனா நானும்தான் ரோட்ல நிப்பேன். ஆனா டெய்லி அந்த கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஷேர் ஆட்டோல குலுங்கிகினு போறது நான்தான். வயித்துல புள்ளையோட போறேன்."

அவள் மாமியார் சரோஜா எழுந்தாள். "இன்னாடி சொல்ற? வூடே போனாலும் உனக்கு ரயிலு வோணுமா?" அதற்குமேல் நடந்ததை எழுத வேண்டியதில்லை. ஒரு தெரு இரண்டு தெருவாகிவிட்டது.

கோபம் கடைசியில் பாய் தலையில்தான் விடிந்தது. ரயில் எங்கள் தெருவில் வந்தால் ஸ்டேஷன் அவர் கடைக்கு நேர் எதிரில் வரும். வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. "நடிக்கறாரா இன்னா? நெஜமாவே அவங்க ஆளுதான்" என்று சரோஜா தெருக்குழாயில் வைத்துச் சொன்னாள். அவரோடு டீ குடிக்கிறவர்கள் குறைந்தார்கள். சலாம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கும் அவர் மேல் ஆத்திரம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கடைக்கே போய், "ஏன் பாய், கொஞ்சம் மெதுவாத்தான் கேளுங்களேன்" என்றேன். கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "மெதுவா குத்தி உட்டா, நெஜமான குத்து கோதாவுலதான் அவனுக்குத் தெரியும். அங்க தெரிஞ்சி இன்னா புண்ணியம்?" கயிற்று முனையை முடிந்துவிட்டு, "என்னைத் திட்டட்டும் விஜயாம்மா. வூடு நிக்கட்டும்" என்றார்.

அடுத்த ஒத்திகைக்கும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். அதே கேள்வியைக் கேட்டார். நான் எழுந்து, "ரயிலும் வேண்டும், வீடும் வேண்டும் சார்" என்றேன். "அது ஆசை. பதில் எங்கே?" என்றார். பதிலைத் தேடி நாங்கள் பின்பக்கத் தண்டவாளத்தில் இறங்கி நடந்தோம், தேன்மொழியும் சரோஜாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு ஓரமாக. மூடிப்போன கம்பெனிக்குச் சரக்கு கொண்டுபோன பாதை அது, தெருவுக்கும் அதற்கும் நடுவே ஒரு மதில். முள் மண்டிக் கிடந்தது, ஆனால் ஒரு வீடு கிடையாது. சரோஜாதான் முதலில் பேசினாள். "இங்க தண்ணி நிக்காது. வெள்ளத்துல என் ஆடுங்கள இந்த மேட்டுலதான் கட்டுவேன்." தேன்மொழி, "மதில்ல ஒரு வாசல் வெச்சி, லைட்டு போட்டா போதும் அத்தை. நான் நடந்துருவேன்" என்றாள். மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டதை அன்றுதான் மறுபடி கேட்டேன்.

இரண்டாவது கூட்டமும் அதே மண்டபத்தில். நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், கத்தவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். "ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு ரயில் இந்தத் தெருவில் வேண்டாமா, ரயிலே வேண்டாமா?" என்றார்.

தெருவே சிரித்துவிட்டது. சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பாவம், அந்த அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி வரிசையில் பாய் மட்டும் சிரிக்காமல், ஆபீசரை ஆபீசர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் தேன்மொழி எழுந்தாள், பிறகு சரோஜா, பிறகு நான். பாதை, மேடு, வாசல், விளக்கு. அதிகாரி கேட்டது எதுவும் எங்களுக்குப் புதிதாக இல்லை. பாய் கேட்டதில் பாதிகூட அவர் கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

பல மாதம் கழித்துப் புது வரைபடம் வந்தது. விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்து போனேன். சிவப்புக் கோடு தெருவுக்குள் நுழையாமல் பின்பக்கமாகத் திரும்பிப் போனது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்று சாயங்காலம் சரோஜா பாய் கடைக்குப் போய் நின்றாள். "துணி காயப் போட ஒரு கயிறு குடு பாய். அறுந்து உழாதில்ல?" பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றார். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கடைக்கு எதிரே ஸ்டேஷன் வராமல் போனதைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சனிக்கிழமை பாயின் ஜனாஸா ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன், வீடு இருந்ததால் வாசலில் நின்றேன். கிழக்கு வரிசை ஆண்கள் எல்லோரும் இறங்கிவந்து மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேற்று கேரம் கிளப்பில் சங்கம் கூடியது. மதிலில் வாசலை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும், அடுத்த கூட்டத்துக்குள் எல்லோரும் ஒரே இடத்தைச் சொல்ல வேண்டும். சரோஜாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் பக்கம்தான் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கைப்பிடி உடைந்த நாற்காலி காலியாக இருந்தது. யாரோ அதைத் துடைத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் கிட்டே போகவில்லை.

காதர் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளப் போவது அதுதான். நம் ஆட்களுக்கு எதிரே, நம் ஆட்களுக்காக, திட்டு வாங்கிக்கொண்டு உட்காருகிற அந்த இடம். போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன். "ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கேட்பது தெருவுக்கு வாசலா, உங்கள் நாலு வீட்டுக்கு வாசலா?" என்றேன்.

சரோஜா என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அதுக்கு எங்களாண்ட பதிலு கீது, மேடம்."