சேவலுக்குக் கீழே என் பெயர்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் வரைகிறவனுக்குப் பெயர் கிடையாது. பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். ஒரே ஒரு படத்துக்குக் கீழாவது என் பெயர் வந்துவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

இரண்டாயிரங்களின் நடுவில், பிரவுசிங் சென்டரில் ஒரு அறிவிப்பைப் பார்த்தேன். பிள்ளைகள் படம் வரைந்து பழகும் கட்டற்ற மென்பொருளுக்குப் படங்கள் வேண்டுமாம். சம்பளம் இல்லை, ஆனால் வரைந்தவர் பெயர் இருக்கும். விடுவேனா? சேவல் ஒன்றை அனுப்பினேன்.

"இது முழுக்க உங்கள் படைப்பா?" என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் இதைப் பெருமையாகப் பிட்டுப் பிட்டு வைப்போம். கொண்டை போன வருஷக் காலண்டர், வால் பக்கத்துக் கம்பெனி லேபிள், கால் மட்டும் நானே போட்டது என்று எழுதினேன். மறுநாளே சேவல் திரும்பி வந்துவிட்டது. அடுத்தவர் இறகு ஒன்றுகூட ஆகாதாம். புதிதாக வரைந்து, உரிமமும் தர வேண்டுமாம்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், வரைந்தவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. அடக் கொடுமையே! எடுப்பதும் மாற்றுவதும் விற்பதும் எங்கள் ஊரில் கேட்காமலே நடக்கிற காரியம்.

வீட்டில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் நின்றது. அதன் எதிரில் உட்கார்ந்தேன்.

"சாமி சேவல இப்படி மொறைச்சுப் பாக்கீகளே, ஆத்தா கண்ணக் குத்திருவா" என்றாள் மனைவி.

ஆத்தா குத்தவில்லை, சேவல்தான் கையைக் கொத்தியது. ஆனாலும் படம் தேறிவிட்டது. அடியில் பொடி எழுத்தில் என் பெயரும் உரிம வரியும். அனுப்பினேன், இந்த முறை மென்பொருளில் சேர்த்துக்கொண்டார்கள். குதூகலத்தில் எங்கள் அச்சக முதலாளியிடம் காட்டினேன்.

"ஓசியா? யாரும் எடுக்கலாமா? ஏலே, அப்ப நம்ம சீசன் ஆர்டருக்கே போட்டுருவோம். அந்தப் பேர மட்டும் வெட்டிரு."

"அண்ணாச்சி, பேர எடுத்துட்டா உரிமமே செல்லாது."

"நீ வரைஞ்சது, நம்ம அச்சாபீசு, எவன் கேக்கப் போறான்?"

வெட்டினார்கள். என் பெயரை வெட்டிய பெட்டியை நானே லோடு ஏற்றிவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை, வாசல் கூட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தினாள்.

"ஏங்க, இங்கன வாங்க! உங்க பேரு குப்பையில கெடக்கு!"

ஓடினேன். பக்கத்துக் கம்பெனிப் பெட்டி. அவர்களும் அந்த மென்பொருளிலிருந்து சேவலை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் வழக்கப்படி, ஒரு எழுத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல், இருந்ததை இருந்தபடியே அச்சடித்துவிட்டார்கள். பிள்ளைகள் கொளுத்தியதில் சேவல் பாதி கருகிப்போயிருந்தது. என் பெயர் முழுசாக இருந்தது.