லேப் வாசலில் வைத்த பலாப்பழம்

எதையும் முகர்ந்து பார்க்காமல் வாங்காதவள் நான். கொல்லிமலையில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, சந்தை மிளகில்கூட ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன். பப்பாளி விதை கலந்திருக்குமோ என்று பயம். மிளகு விளைகிற மலையிலேயே யார் கலப்பார்கள் என்று கணவர் சிரிப்பார். அவருக்கு அடிவாரத்தில் சொந்தக் காடு, மரவள்ளி வெள்ளாமை. வாரக் கடைசியில் பஸ் ஏறி மேலே வருவார்.

அப்படிப்பட்டவள், இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய ஒரு கோடை விடுமுறையில், கண்ணுக்கே தெரியாத ஒன்றை முன்பின் அறியாதவர்கள் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. கல்யாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனையில், முட்டையை வெளியே எடுத்து, கணவருடைய உயிரணுவோடு சேர்த்துக் கருவாக்கி, சில நாள் லேப்பிலேயே வளர்த்து உள்ளே வைப்பதாகச் சொன்னார்கள்.

"அது எங்களோடதுதான்னு எப்படிங்க தெரியும்?" என்பதுதான் என் முதல் கேள்வி.

கருக்களைப் பார்த்துக்கொள்ளும் லேப் அம்மா கோபப்படவில்லை. கிண்ணத்தில் பெயர் எழுதுவோம் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். "ஒரு சொட்டுத் திரவத்துலதாம்மா கரு இருக்கும். நம்ம உடம்புச் சூட்டுக்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அதை வக்கிற பெட்டிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு அளவாப் போகணும், இல்லன்னா திரவத்தோட புளிப்பு மாறிடும். காத்துல வாசனை கலந்தாலும் அதுக்கு ஆகாதும்பாங்க. அதனால வர்றப்போ பூ, பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம்."

"கரண்டு போனா?"

"பேட்டரி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு."

பேட்டரியைக் காட்டுங்கள் என்றேன். சிரித்தாரே தவிர காட்டவில்லை. அன்றே அந்த லேப்பின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

பூ விஷயத்தைக் கேட்டதும் என் மாமியார் கொதித்துப்போனார். "நல்ல காரியத்துக்குப் போற புள்ளயப் பூ வெக்காத வரச் சொல்றாங்களே, என்ன ஆஸ்பத்திரி சாமி அது?" எனக்கும் வெறுந்தலையோடு கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் அப்படியே போனேன்.

முட்டை எடுத்த மறுநாள் ஐந்து கரு உருவாகியிருப்பதாகச் சொன்னார்கள். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. என்னை லாட்ஜில் இருத்திவிட்டு ஊருக்கு ஓடினார். எங்கள் பக்கத்தில் நன்மை செய்தவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. அடுத்த நாள் காலை, கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, நான் காத்திருந்த மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார். நன்றாகப் பழுத்து, காம்புப் பக்கம் வெடித்து வாசனை வீசிய பழம். அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தவர், எங்கே குளுகுளுவென்று இருந்ததோ அங்கே இறக்கினார். அது லேப் வாசல்.

கொஞ்ச நேரத்தில் முகமூடியோடு லேப் அம்மா வெளியே வந்தார். "யாரு இங்க பலாப்பழம் வச்சது?"

"நம்ம மலைப் பழமுங்க. உங்களுக்குத்தானுங்க," என்றார் இவர், முகமெல்லாம் பல்லாக.

அந்த அம்மா சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி பக்கம் ஓடினார். அவர் அப்படி ஓடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்புகூட வந்தது. மத்தியானம் கரண்டு போனது. ஃபேன் நின்றது. ஜெனரேட்டர் சத்தம் கேட்கும்வரை நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் வரத் தாமதமானது என்று இன்றும் அடித்துச் சொல்வேன்.

மறுநாள் ஐந்தில் மூன்று வளராமல் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

"நேத்துக் கரண்டு போச்சுல்லீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

"பெட்டி பேட்டரியில ஓடுச்சும்மா. சூடு குறையவே இல்ல." அவர் பார்வை ஒரு கணம் என் கணவர் பக்கம் போய்த் திரும்பியது. "அந்தப் பழத்தாலன்னும் சொல்ல முடியாது. பாதிக் கரு தானாவே நின்னுடும். ஏன்னு எங்களுக்கே தெரியாது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பழத்தால் இல்லை என்று சொல்கிற சாக்கில் பழத்தை நினைவுபடுத்துகிறாளே! கரண்டை மறைக்க எங்கள் பலாப்பழம்தானா கிடைத்தது? அதையெல்லாம் கவனிக்காமல் அந்த அம்மா மிச்சமிருந்த இரண்டையும் டிவி மாதிரி ஒரு திரையில் காட்டினார். முத்து முத்தாகச் சேர்ந்திருந்தன. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அந்த இரண்டையும் உள்ளே வைத்தார்கள். தங்கவில்லை.

முடிவு கேட்டுவிட்டு மலைக்குப் பஸ்ஸில் திரும்பினோம். கொண்டை ஊசி வளைவுகள் பாதிக்கு மேல் ஏறிய பிறகு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே அவர் கேட்டார். "அந்தப் பழந்தான் காரணமா இருக்குமா புள்ள?"

"ஏனுங்க, கரண்டுதானுங்க. ஜெனரேட்டர் லேட்டா ஓடுனத என் காதாலயே கேட்டனில்லீங்க," என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர் பலாச்சுளையைத் தொடுவதுமில்லை. யாராவது கொடுத்தால் வாசலோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மலைமேல் வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கு எதிரே சுற்றுலாக்காரர்களுக்காகச் சுளை பிரித்துக் குவித்திருப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் அவர் நடை வேகமாகும்.

லேப் அம்மா சொன்னதே உண்மையாக இருக்கலாம். யார் மேலும் தப்பில்லாமல், அவை தாமாகவே நின்றிருக்கலாம். தனியாக இருக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பேட்டரி மேல் விழுந்த சந்தேகத்தை நான் எடுத்துவிட்டால், அது நேராக என் கணவர் தலையில் போய் உட்காரும். ஆசை ஆசையாகப் பழம் சுமந்து வந்த மனிதர். போன பலாப் பருவத்திலும், அன்று பஸ்ஸில் கேட்டதையே திரும்பக் கேட்டார். கரண்டுதான் என்று சொன்னேன்.