போக இரண்டரை, வர ஏழேகால்

"பஸ் எத்தின மணிக்கு வெளிக்கிட்டது?" சபூரா யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. தையல் மெஷினை மிதித்தபடியே மனதுக்குள் கழித்துப் பார்ப்பாள். "மாம்புரியில இருந்து பாலாவிக்கு முக்கால் மணித்தியாலம். மிச்ச அரை மணித்தியாலம் எங்க நிண்டீங்க?" அபாயா தைக்கக் கொடுக்க வரும் பெண்கள்கூட இந்த விசாரணைக்குத் தப்புவதில்லை.

பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. தொண்ணூறில், யுத்தத்துக்குள், முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தோணியில் ஏற்றிவிட்ட வாப்பா, "அடுத்த தோணியில வாறேன் மகள்" என்றார். கற்பிட்டிக்கு அவர் வந்து சேர்ந்தது ஒன்பதாம் நாள். இடையில் எங்கிருந்தார் என்பதை மௌத்தாகும்வரை சொல்லவேயில்லை. யுத்தம் முடிந்து ஐந்து வருடமாகிறது. அந்த ஒன்பது நாளை அவள் இன்னும் விட்டபாடில்லை.

இப்போது கணவன் இப்ஹாமின் முறை. உப்பு லொறியில் மூட்டை ஏற்றுகிறவனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது. இன்று பகல் பன்னிரண்டுக்குள் பாஸ்போட்டைச் சந்தியிலுள்ள ஏஜென்சியில் கொடுக்காவிட்டால் அது வேறொருவனுக்குப் போய்விடும். பாஸ்போட்டோ அலுமாரிக்குள், சாவி சபூராவின் இடுப்பில். ஏஜென்சி கொடுத்த பயணத் தாளையும், பக்கத்து வீட்டு மர்ளியாவின் கணவர் போன மாதம் டோஹாவிலிருந்து வந்த டிக்கட்டையும் அவள் அருகருகே விரித்து வைத்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க. நீங்க காலம பத்தேகாலுக்கு கட்டுநாயக்கால பிளேன் ஏறினா பன்னெண்டே முக்காலுக்கு டோஹாவாம். ரெண்டரை மணித்தியாலம். மர்ளியா ராத்தாட மாப்புள காலம எட்டுக்கு ஏறி பின்னேரம் மூண்டேகாலுக்குத்தான் வந்திருக்கார். ஏழேகால்! ஆகாயம் ஒண்டுதானே? வரக்குள்ள எங்க இறங்கி நிக்கிறாங்க?"

"மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் புள்ள..."

"கொழும்பு நூத்தி முப்பது. அதுக்கே பஸ்ல மூண்டு மணித்தியாலம் போகுது. எனக்கு கதை விட வாணாம்."

இப்ஹாம் தலையைச் சொறிந்தான். பிறகு பிடி கிடைத்தது. "போன நோம்புல நாம மஹ்ரிப் தொழுது, கஞ்சி குடிச்சு, தறாவீஹ் தொழுகைக்கு வெளிக்கிடக்குள்ள அவர் அங்கயிருந்து கோல் எடுத்தாரே. என்ன சொன்னார்? இன்னும் நோம்பு தொறக்கல்ல எண்டார்தானே? அங்கத்த நேரம் நம்மட நேரத்துக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தி."

மெஷின் நின்றது. சபூரா விரல் மடித்தாள். போவதற்கு இரண்டரையைக் கூட்டினால் ஐந்து. வருவதில் இரண்டரையைக் கழித்தால் நாலேமுக்கால்.

"அப்பயும் கால் மணித்தியாலம் இடிக்குது."

"அது காத்துக்கு."

"காத்துக்கோ!"

கணக்கு ஒருவாறு சரிவந்தது, பயம்தான் போகவில்லை. பிளேன் எத்தனை மணித்தியாலம் பறந்தால் அவளுக்கென்ன? போகிற மனுசன் போன மனுசனாகவே திரும்பி வருவானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஊரையே குறுக்கு விசாரணை செய்கிறவளுக்கு அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

பதினொன்றரைக்கு அலுமாரி திறந்தது. பாஸ்போட்டை அவன் வலது கையில் வைத்தாள். இடது கையைப் பிடித்து மணிக்கூட்டைக் கழற்றினாள்.

"அங்க போனதும் இதுட முள்ள அங்கத்த நேரத்துக்குத் திருப்பிருவீங்க. உங்களுக்கு அங்க வேற ஒண்டு வாங்குங்க."

அவள் கைக்கு அது தொளதொளத்தது. மெஷினடியில் குந்தி, கத்தரிக்கோல் நுனியால் தோல்பட்டியில் இன்னொரு துளை போட ஆரம்பித்தாள்.