தேவம்மாவுக்கு வந்த கம்பி

தேவராஜ மொஹல்லாவில் எத்தனையோ மாவு மில் இருக்கிறது. ஒருமுறைகூட மோட்டார் எரியாதது என்னுடையது ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் தனியாளாய் நின்று எழுப்பிய மில் இது. ஆனால் இதில் ஓடும் கம்பி மட்டும் வயர்மேன் ஜடையன் தந்தது.

ஜடையன் ஹனூர்க்காரன், எங்கள் பக்கத்து ஆள். அவன் மனைவி தேவம்மா வீடு வீடாகப் போய் ராகி திரித்தாள். கல்லைச் சுற்றிச் சுற்றித் தோள் போயிற்று. மாவுத் தூசியில் நெஞ்சும் கெட்டது. அவளுக்கென்று ஒரு மில் வைத்துத் தருவதாக ஜடையன் வாக்குக் கொடுத்திருந்தான். பழைய ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றைப் பிடித்து, அவர்கள் குடியிருந்த சந்தின் கோடியில் ஓலைக் கொட்டகை போட்டு இறக்கினான். அப்போது பார்த்து யுத்தம் வந்தது. செம்பெல்லாம் சண்டைக்குப் போய், செம்புக் கம்பி கண்ணிலேயே படவில்லை.

மின் கம்பமோ பெரிய தெருவில். மோட்டார் பெரிதானால் கம்பி தடியாக வேண்டும், தூரம் கூடினால் இன்னும் தடியாக வேண்டும் என்பான். கிடைத்ததெல்லாம் விளக்குக்குப் போடும் மெல்லிசுக் கம்பி. எத்தனையோ பேருக்கு யோசனை சொல்லி ஆளாக்கியவன் நான். அதையே மாட்டு, ஆனது ஆகட்டும் என்றேன். அவன் கேட்கவில்லை. மில் முதலாளியம்மா என்று சந்தே தேவம்மாவைக் கேலி செய்தது. முதலாளி கம்பி வாங்கப் போயிருக்கிறார் என்று அவளும் சிரிப்பாள்.

படுக்கையில் விழுந்த பிறகு, கட்டிலைக் கொட்டகையில் போடச் சொன்னாள். நான் பார்க்கப் போயிருந்தபோது அவளே ஜடையனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, வெளக்குக் கம்பியிலயே மாட்டுங்க. ஒருக்கா ஓடறதப் பாத்துக்கறேன்."

"மோட்டார் கெளம்பறப்ப அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும் புள்ள. அந்தக் கம்பி பழுத்து, ஓலையில பத்திக்கும். சந்துல அத்தனை குடி இருக்குது."

அவள் மறுபடி கேட்கவில்லை. ஜடையன் எழுந்துபோய் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான். அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"போதுமுங்க," என்றாள். "தோளு வலிக்கும்."

அந்த வாரமே போய்விட்டாள்.

யுத்தம் முடிந்து கம்பி வந்தது. ஜடையன் அந்தச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் மில்லுக்கு வந்தான்.

"அண்ணா, உங்க கம்பி மெலிசு. இதப் போட்டுக்கலாமுங்க."

அவனே இழுத்துக் கட்டினான். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரே மூச்சில் எழுந்து ஓடியது. கம்பியைத் தொட்டுப் பார்த்தான், சூடில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனான். மில் ஓடும் நேரத்தில் அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.