சந்தை மூடியிருந்த மூன்று நாட்கள்

காரைக்கால் கோவில்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை வினோதா. அவள் பேரில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனாலும் பங்குச்சந்தை எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது மூடும், வருஷத்தில் எந்தெந்த நாள் விடுமுறை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் பயத்தில் கற்றது.

அவள் கணவன் அறிவுச்செல்வன் வரிச்சிக்குடியில் உரக்கடை வைத்திருந்தான். அதிர்ந்து பேசாத மனிதன். கடையில் ஆள் வராத நேரத்தில் செல்போனில் பங்கு வாங்கி விற்கத் தொடங்கினான். முதல் வருஷம் கொஞ்சம் லாபம் வந்தது. அந்தத் தைரியத்தில், முன்பணம் மட்டும் கட்டிப் பல மடங்கு வாங்கிப் போடும் வியாபாரத்துக்குப் போனான். அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டான்.

மாங்கனித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்த நாள் அது. பள்ளிக்கூடம் இல்லை. மும்பையில் இருக்கிற சந்தைக்குக் காரைக்கால் திருவிழா எங்கே தெரியும்? மூன்று மணி வாக்கில் செல்போனைப் பார்த்தபடி தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தவனிடம், "ஏங்க, சிலிண்டர் வந்துருக்கு, காசு எடுங்க" என்றாள் வினோதா. சோற்றோடு தட்டு சுவரில் போய் விழுந்தது. மகள் விஷ்ணுப்ரியா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அரைமணி கழித்து அவனே துணியெடுத்துச் சுவரைத் துடைத்தான். அழுதிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று முதல், சந்தை நடக்கும் ஒன்பதேகாலிலிருந்து மூன்றரை வரை வீட்டில் யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. ஃபீஸ், மளிகை, மாமியார் வீட்டுக்குப் போவது எல்லாம் மூன்றரைக்கு அப்புறம்தான். சந்தை விடுமுறைப் பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதி வைத்தாள். ஹோலி, மகாராஷ்டிர தினம் என்று இந்த ஊரில் யாரும் கொண்டாடாத நாட்களில் அவள் பாயசம் வைத்தாள். அந்த நாட்களில் அவன் பழைய அறிவுச்செல்வனாக மகளோடு கேரம் விளையாடுவான். பொங்கலன்று சந்தை இருந்தது. பானை பொங்கும்போது அவன் கொல்லையில் செல்போனோடு நின்றான். தாயும் மகளும் குரலை அடக்கிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. குருநானக் ஜெயந்தி, சந்தை விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. மூன்று நாள் நிம்மதி என்றுதான் வினோதா நினைத்திருந்தாள். மழைக்காகப் பள்ளிக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள்.

காலையில் எழுந்து பார்த்தால் அவன் இல்லை. வண்டியும் இல்லை. ஆணியில் மாட்டியிருக்கும் கடைச்சாவியும் இல்லை. செல்போன் மட்டும் தலையணைக்கு அடியில் கிடந்தது. தூங்கும்போதுகூடக் கையில் இருக்கிற செல்போன்.

கடையின் பின்பக்கத்து அலமாரியில் பூச்சிமருந்து அடுக்கியிருக்கும். அதை நினைக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே, கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுப்பையனுக்குப் போன் போட்டாள்.

"கடை பூட்டித்தான் இருக்கு டீச்சர். சார் விடியக்காத்தால வந்தாரு. தெறக்கல. பூட்டப் புடிச்சுக்கிட்டுச் செத்த நேரம் நின்னாரு. அப்பறம் காரைக்கால் பக்கமா வண்டிய விட்டுட்டாரு."

"உள்ள போகலதானே? நல்லாப் பாத்தீங்களா?"

"போகல டீச்சர். ஏன், என்ன?"

அவள் போனை வைத்தாள். தெருமுனையில் நின்ற சஃபியுல்லாவின் ஆட்டோவில் ஏறினாள். எங்கே என்று கேட்டவனிடம் தெரியவில்லை என்றாள். அவன் ஒரு நிமிஷம் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "அக்கா, மொதல்ல கடக்கரைய பாத்துருவோம்" என்றான். அவள் மனதிலும் அதுதான் ஓடியது. வாயால் சொல்லப் பயந்திருந்தாள்.

காரைக்கால் கடற்கரையில் அவன் இல்லை. மீனவர் ஊரான காரைக்கால்மேட்டில் அவன் வண்டி நின்றது. கடல் சீற்றமாயிருந்ததால் படகுகளை மேலே ஏற்றியிருந்தார்கள், மீன் ஏலமும் இல்லை. ஒரு படகின் ஓரத்தில் அறிவுச்செல்வன் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான். பத்தடி தள்ளி மீன் விற்கும் காசியம்மா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன் வூட்டுக்காரராம்மா? ரெண்டு தரம் தண்ணிக்கிட்ட போயிட்டு வந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. அதான் எந்திரிக்காம இருக்கேன்" என்றாள் காசியம்மா.

வினோதா அவன் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு லீவுதானேங்க?"

"லீவுதான் வினோதா. அதான் சாவுறேன்." அவன் கடலைப் பார்த்தே பேசினான். "நேத்து மூணரைக்குச் சந்த மூடுனதுக்கப்பறம் நான் வாங்கியிருக்குற கம்பெனியப் பத்திக் கெட்ட சேதி வந்துச்சு. வித்துட்டு வெளிய வரலாம்னா கதவு தெறக்கல. திங்கக்கெழம ஒன்பதேகால் வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. தெறந்தா கட போயிரும். சரக்கு எடுக்க வச்சிருந்த பணம் பூரா அதுலதான் இருக்கு."

"கட போவட்டும். நீங்க வாங்க."

"ஒனக்குப் புரியல."

"எனக்கு ஒண்ணும் புரிய வேணாம். எந்திரிங்க."

அந்த மூன்று நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. கடைச்சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மகளிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவன் வாசலுக்குப் போனால் இருவரில் ஒருவர் பின்னால் போனார்கள். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, இன்னும் இத்தனை மணி நேரம் என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போன பத்து நிமிஷமும் வினோதா அவன் மணிக்கட்டை விடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். ஒன்பது மணிக்கே இருவரும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்பதேகாலுக்குத் திரை சிவந்தது. அவன் விரல் எழவில்லை.

"கொஞ்சம் பொறுத்தா ஏறும்" என்றான்.

"வித்துருவோம். எத அமுக்கணும்? சொல்லுங்க."

அவன் காட்டினான். அவள் அமுக்கினாள். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் பயந்தபடியே நடந்திருந்தது; கடை தப்பவில்லை.

தை மாதத்துக்குள் கடையை வேறொருவருக்குக் கைமாற்றினார்கள். அறிவுச்செல்வன் இப்போது ஓர் அரிசி ஆலையில் எடை போடுகிறான். புதன்கிழமைதோறும் மனநல மருத்துவரைப் பார்க்க வினோதா கூடப் போகிறாள். மாத்திரை வேலை செய்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், மகளைக் கிண்டல் செய்கிறான்.

ஆனால் அவன் குளிக்கப் போனால், தண்ணீர்ச் சத்தம் சற்று நின்றாலும் அவள் கதவருகே போய் நிற்கிறாள். "ஏங்க" என்கிறாள். "இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புகிறாள்.